தன்படைச் சேதமும் எதிர்வினையும்: ஆடுபுலிக் கோடு முதல் மேசைப் போர் வரை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியில், மழை பொய்த்துக் கண்மாய்கள் வெடித்துக் கிடக்கும் சித்திரை வைகாசியில், ஆடுகளைக் கரிசல் தரிசில் மேயவிட்டுவிட்டு, கரையோரத்து வேப்பமர நிழலில் தரையில் கோடு கிழித்து, 15 புளியங்கொட்டைகளையும் 3 ஓட்டுச் சில்லுகளையும் வைத்துக்கொண்டு ஆடுபுலி ஆடும் பெரியவர்களை நான் சிறுவயது முதற்கொண்டு பார்த்து வந்திருக்கிறேன். அப்படி ஓர் ஆட்டத்தில், ஆட்டுப்பக்கம் ஆடியவர் ஒரு கொட்டையை நகர்த்தக் கை நீட்டியபோது, அருகில் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்திருந்த முதியவர், "அதை எடுக்காதய்யா, அது போனா முன்னாடி நிக்கிறது செத்துச்சு" என்றார். மற்றவர் கேட்கவில்லை. எடுத்தார், புலி தாண்டியது, கொட்டை வெளியேறியது. முதியவர் தலையை ஆட்டி, "புலி எங்கய்யா கொன்னுச்சு, நீயில்ல கொன்ன" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் யுத்த சாஸ்திரத்தின் மிகக் கசப்பான பகுதி அடங்கியிருக்கிறது என்பதை நான் உணர்ந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. சிறு பொம்மை வீரர்களை மேசைமேல் அணிவகுத்து, அளவுகோலும் பகடையும் கொண்டு ஆடப்படும் சிற்றுருப் போர் விளையாட்டுகள் மேல்நாடுகளில் பெரியதொரு கலையாக வளர்ந்திருக்கின்றன. நம் நாட்டு நகரங்களிலும் அவற்றில் ஈடுபாடுள்ள இளைஞர்கள் இருக்கிறார்கள். அவ்விளையாட்டுகளின் விதிநூல்களைக் கற்கும் எவரும் இரண்டு வினாக்களில் வந்து நிற்பார். ஒரு சேனை தன் ஆயுதத்தாலேயே தன் வீரரை மாய்த்துவிடும் சம்பவத்தை விதி எவ்வாறு கையாள வேண்டும் என்பது ஒன்று. ஒருவர் தம் முறையில் காய் நகர்த்தும்போது, எதிரியின் வீரர்கள் கல்லாய் நிற்க வேண்டுமா, உடனே பதில் செய்ய இடம் பெற வேண்டுமா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்வதே வழக்கம். இவை ஒரே வினாவின் இரு முகங்கள் என்பதும், அதற்குரிய விடையின் வித்து நம் கரிசல் காட்டுக் கோடுகளிலேயே கிடக்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

பெயரும் பொருளும்

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். தன் பக்கத்தார் சுட்ட குண்டு தன் பக்கத்தார் மேலேயே பாய்வதை ஆங்கிலச் சொல்வழக்கைப் பின்பற்றி 'நட்புச் சூடு' என எழுதுகிறவர்கள் உண்டு. பட்டவனுக்கு அதில் நட்பு ஏதும் இல்லையாதலின், 'தன்படைச் சேதம்' என்ற சொல்லையே இக்கட்டுரையில் ஆளுகிறேன். இது குறள் கூறும் உட்பகை அன்று. உட்பகையில் நெஞ்சில் வஞ்சம் உண்டு. தன்படைச் சேதத்திலோ வஞ்சம் சிறிதும் இல்லை. பிழையும் அவசரமும் இருளும் புகையும் மட்டுமே உண்டு. எதிரியின் செயலுக்கு, அவன் முறை முடிவதற்குள்ளாகவே செய்யப்படும் பதிற்செயலையும், நம் வீரர்கள் நம் ஆணையின்றியே அஞ்சியோ வெகுண்டோ செய்யும் செயலையும் 'எதிர்வினை' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறேன்.

இது கற்பனைத் துன்பமன்று. 1863ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் சான்ஸலர்ஸ்வில் போர்க்களத்தில், அமெரிக்கத் தென்னகச் சேனாபதி ஸ்டோன்வால் ஜாக்ஸன் இருட்டில் தம் வரிசையை நோக்கித் திரும்பி வந்தபோது, அவருடைய வீரர்களே அவரைச் சுட்டார்கள். மே 10இல் அவர் இறந்தார். 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் களத்தில் மாண்ட அமெரிக்க வீரர் 148 பேரில் 35 பேர் தம்மவர் ஆயுதத்தாலேயே மாண்டவர். கூர்மையான கருவிகள் பெருகிய காலத்தும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அது. 2019 பிப்ரவரி 27ஆம் நாள் காஷ்மீரத்தின் புட்காமில் நம் விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டர், நம் தரப்பு ஏவுகணையாலேயே வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 6 வீரரும் தரையில் நின்ற பொதுமகன் ஒருவரும் உயிரிழந்தனர். இந்தச் செய்தியைப் படித்த எவரும், தன்படைச் சேதத்தை விதிநூலின் மூலையில் கிடக்கும் சிறு விஷயமென்று ஒதுக்கத் துணியார்.

பூவின் காரணம்

நம் இலக்கண நூலார் இப்பொருளை அறிந்திருந்தனர். தொல்காப்பியப் புறத்திணையியல், போர்க்களத்தில் இன்ன வேந்தன் படை இன்னதெனத் தெரிந்துகொள்ளும் பொருட்டுப் பனையும் வேம்பும் ஆத்தியும் சூடப்பட்டன என்கிறது. பனை சேரனுக்கும், வேம்பு பாண்டியனுக்கும், ஆத்தி சோழனுக்கும் உரியவை. குடிப்பூவை அழகுக்கென்றும் குலப்பெருமைக்கென்றும் மட்டுமே எண்ணிப் பழகிய நமக்கு, அது தன்னவனைத் தன்னவன் வெட்டாதிருக்கச் செய்த ஏற்பாடுமாகும் என்று காணும்போது வியப்பு உண்டாகிறது. தமிழ் பேசும் மூவேந்தர் படைகள் ஒன்றோடொன்று மோதியபோது, மொழியாலோ நிறத்தாலோ ஆயுதத்தாலோ பகைவனைப் பிரித்தறிய வழியில்லை; தலையில் செருகிய ஒரு கொத்து வேப்பம்பூதான் உயிருக்கும் சாவுக்கும் இடையே நின்றது.

எதிர்வினையைப் பற்றியும் நம் புறப்பொருள் மரபுக்குத் தெளிவான கொள்கை உண்டு. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை ஒவ்வொரு வினைக்கும் அதன் எதிர்வினையைத் தனித் திணையாகவே வைக்கிறது. ஆநிரை கவர்வது வெட்சியென்றால் மீட்பது கரந்தை. படையெடுத்துச் செல்வது வஞ்சியென்றால் எதிர்நின்று காப்பது காஞ்சி. மதிலை வளைப்பது உழிஞையென்றால் மதிலைக் காப்பது நொச்சி. இருவரும் ஒருங்கே பொருவது தும்பை. தாக்குதலை மட்டும் சொல்லிப் பதிலைச் சொல்லாமல் விடுவது போரைப் பாதியாகச் சொல்வதாகும் என்ற உணர்வு இந்த வைப்புமுறையில் தொனிக்கிறது.

தன்படைச் சேதத்துக்குப் பாரதமும் சாட்சி. ஜயத்ரதன் வீழ்ந்த பதினான்காம் நாள் யுத்தம் இரவிலும் நீண்டபோது, இருளில் தம்மவர் தம்மவரையே கொல்லும் குழப்பம் நேர்ந்து விளக்குகள் ஏற்றப்பட்டன. இறுதியில் அசுவத்தாமன் உறங்கும் பாசறைக்குள் புகுந்தபோதும், திடுக்கிட்டு எழுந்த வீரர்கள் ஆளறியாமல் ஒருவரையொருவர் மாய்த்துக்கொண்டார்கள். கி.மு. 326இல் ஜீலம் நதிக்கரையில் அலெக்ஸாந்தரை எதிர்த்த புரு மன்னனின் யானைகள், பாகன்களை இழந்து காயமுற்ற பின் நண்பர் பகைவர் என்ற பேதமின்றி மிதித்தன என்று கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதுகிறார். இருள், பீதி, கட்டவிழ்ந்த விலங்கு ஆகிய மூன்றுமே இன்றைய மேசை விளையாட்டுகளின் விதிகளில் பெயர் மாறி உலவுவதைப் பின்னால் காண்போம்.

கோட்டுக்குள் இருந்த அறிவு

ஆடுபுலி ஆட்டத்தில் 23 புள்ளிகள் உள்ளன. 3 புலிகளும் 15 ஆடுகளும் ஆடுகின்றன. ஆடுகள் ஒவ்வொன்றாக இறக்கப்படும். அனைத்தும் இறங்கும்வரை எதுவும் நகரக் கூடாது. புலிக்கோ தொடக்கம் முதலே நடக்கவும் தாண்டவும் உரிமை உண்டு. புலி ஓர் ஆட்டை வெட்ட வேண்டுமானால், அவ்வாட்டுக்கு நேர் பின்னாலுள்ள புள்ளி காலியாக இருக்க வேண்டும். ஆகவே ஓர் ஆட்டின் உயிர் அதன் கையில் இல்லை. அதன் முதுகுக்குப் பின் நிற்கும் தோழனின் கையில் இருக்கிறது. தோழன் விலகினால் முன்னிற்பவன் மாள்கிறான். இங்கே அம்பும் இல்லை, குண்டும் இல்லை. ஆயினும் தன் பக்கத்துச் செயலால் தன் பக்கம் சாகிறது. கண்மாய்க்கரை முதியவர் சொன்னது இதைத்தான்.

புலிகளின் பக்கமும் இவ்விதி பேசுகிறது. புலி புலியைத் தாண்ட இயலாது. ஆதலால் ஒரு புலி நின்ற இடம் மற்றொரு புலிக்குச் சுவராகிவிடுகிறது. தேர்ந்த ஆட்டுக்காரர், புலியைக் கட்டத் தம் ஆடுகளை மட்டும் நம்புவதில்லை. ஒரு புலியையே இன்னொரு புலிக்கு விலங்காக நிறுத்திவிடுவார். வலிமை மிக்கவன் தன் வலிமையாலேயே தடைப்படும் இந்த நுட்பத்தை, எழுத்தறியாத இடையரும் கோயில் மண்டபத்துக் கற்றளத்தில் கீறிய கோடுகளில் விளையாடிய சிறுவரும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள்.

பாரத நாட்டின் பழைய நால்வர் சதுரங்கம் இதைவிடத் துணிச்சலானது. ஏறத்தாழ 1030ஆம் ஆண்டில் அல்பிரூனி அவ்வாட்டத்தை வர்ணித்திருக்கிறார். வங்காளத்து ரகுநந்தனரின் திதிதத்துவமும் அதன் விதிகளைக் கூறுகிறது. நான்கு அரசர், நான்கு நிறப் படைகள், நடுவே பகடை. எதிரெதிர் மூலையிலுள்ளவர் நேசர். ஆயினும் ஓர் அரசன் தன் நேசனின் சிம்மாசனத்தில் ஏறி அமர்ந்துவிட்டால், இருவர் படையும் அவன் ஆணைக்கு உட்படும். கூட்டாளியென்பவன் முழுக்க நம்மவனும் அல்லன், முழுக்க அயலானும் அல்லன் என்ற இராஜதந்திர உண்மையை இவ்விதி பலகைமேல் எழுதியது. இருவர் சதுரங்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் ஒருவரது படை முழுவதும் அவரது விரல்களைப் போல அவருக்குக் கீழ்ப்படிகிறது. அஞ்சுவதில்லை, மறுப்பதில்லை, தவறிச் சுடுவதில்லை. அறிவின் தூய்மைக்கு அது சிகரம். யுத்தத்தின் பிரதிபிம்பமாக மட்டும் அதைக் கொள்ள முடியாது.

மேசைமேல் ஏறிய போர்

சதுரங்கத்தைப் போருக்கு நெருக்கமாக்கும் முயற்சி ஜெர்மனியில் தொடங்கிற்று. 1780இல் பிரவுன்ஸ்விக்கில் ஹெல்விக் என்பவர் சதுரங்கக் கட்டங்களைப் பெருக்கி நில அமைப்பைச் சேர்த்தார். 1812இல் மூத்த ரைஸ்விட்ஸ் தம் போர் விளையாட்டைப் பிரஷ்ய மன்னருக்குக் காட்டினார். 1824இல் அவருடைய மகன் அதைத் திருத்தி வெளியிட்டார். 1:8000 அளவுள்ள நிலப்படம், இரண்டு நிமிடப் போரைக் குறிக்கும் ஒவ்வொரு சுற்று, பகடை, யாவற்றுக்கும் மேலாக ஒரு நடுவர் என்பவை அதன் அங்கங்கள். ஆடுவோர் தம் ஆணையை எழுதிக் கொடுப்பார்கள். அவர்கள் படை காணக்கூடியதை மட்டுமே நடுவர் அவர்களுக்குக் காட்டுவார். சேனாபதிக்கு எல்லாம் தெரியும் என்ற சதுரங்கப் பிரமை அங்கே முதன்முறையாக உடைந்தது. 1913இல் எச். ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலால் பொம்மை வீரர்களையும் சுருள்வில் பீரங்கிகளையும் வீட்டுத் தரைக்குக் கொணர்ந்து, படைத்தலைவர்களின் பயிற்சியாக இருந்ததைப் பொதுமக்களின் பொழுதுபோக்காக்கினார்.

ஆயினும் இவ்விளையாட்டுகளில் நெடுங்காலம் 'உன் முறை, என் முறை' என்ற ஒழுங்கே நிலவியது. ஒருவர் தம் படை முழுவதையும் நகர்த்திச் சுட்டு முடிக்கும் வரையில் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதனால் திறந்த வெளியில் ஒரு குதிரைப்படை துப்பாக்கி வரிசையின் எதிரே ஓடிவந்தாலும், சுடுவதற்கு முறை வரவில்லை என்ற காரணத்தால் வரிசை வாளாவிருக்கும் அபத்தம் நேர்ந்தது. எதிர்வினை விதிகள் யாவும் இந்த அபத்தத்துக்குக் கண்ட பரிகாரங்களே.

எதிர்வினையின் நால்வகை

அவற்றை நான்கு வகையாகப் பகுக்கலாம். முதலாவது, காத்திருப்பு. ஓர் அணி தன் முறையில் சுடுவதைத் துறந்து, எதிரியின் முறையில் அவன் வெளிப்படும் கணத்தில் சுடும் உரிமையைப் பெறுகிறது. 1987இல் தோன்றிய 'வார்ஹாமர் 40,000' விளையாட்டின் 1993ஆம் ஆண்டுப் பதிப்பில் இவ்விதி முக்கிய இடம் பெற்றது. பெறும் உரிமைக்கு விலையுண்டு என்பதே இதன் சிறப்பு.

இரண்டாவது, தாக்குதலுக்கு முகங்கொடுத்தல். பழைய 'வார்ஹாமர்' கற்பனைப் போரில், எதிரி பாய்ந்து வருவதாக அறிவித்தவுடன், தாக்கப்படும் அணி நிலைத்து நிற்பதா, நின்று சுடுவதா, ஓடுவதா என்று தேர்ந்துகொள்ள வேண்டும். வஞ்சிக்குக் காஞ்சி என்னும் நம் திணை மரபு இதில் அப்படியே காணப்படுகிறது.

மூன்றாவது, கண்டவுடன் செயல். ஸ்பெயின் நாட்டிலிருந்து 2005இல் வெளிவந்த 'இன்ஃபினிட்டி'யில், எதிரியின் ஒரு வீரன் அசைந்தால், அவனைக் காணக்கூடிய நம் வீரர் ஒவ்வொருவரும் அக்கணமே சுடவோ விலகவோ உரிமை பெறுகிறார்கள். அங்கே 'எதிரியின் முறை' என்பது ஓய்வு அன்று; இருவரும் எப்போதும் விழித்திருக்க வேண்டும். 1996இல் வந்த 'கிராஸ்ஃபயர்' இன்னும் ஒருபடி சென்று, முறை என்பதையே ஒழித்தது. ஒருவர் தம் முயற்சியில் தவறும்வரை தொடர்ந்து செயல்படலாம்; தவறிய கணத்தில் முனைப்பு மற்றவரிடம் போய்விடும். தூரத்தை அளப்பதும் அதில் இல்லை.

நான்காவது, மனநிலைச் சோதனை. 1969இல் பில் பார்க்கரும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்ட பண்டைக்காலப் போர் விதிகளில், ஓர் அணிக்கு இழப்பு நேர்ந்தாலோ, பக்கத்து அணி ஓடினாலோ, அது சோதனைக்கு உள்ளாகும். பகடையின் சொற்படி அது முன்னேறலாம், தயங்கலாம், புறங்காட்டலாம். ஆடுபவரின் விருப்பம் அங்கே செல்லாது. பின்னர் 'டூ ஹவர் வார்கேம்ஸ்' நிறுவனத்தார் இத்தகைய எதிர்வினைச் சோதனைகளையே விளையாட்டின் முதுகெலும்பாக்கினர். முதல் மூன்று வகையிலும் எதிர்வினை செய்பவர் ஆடுபவரே. நான்காவதில் மட்டும் பொம்மை தானே எதிர்வினை செய்கிறது. இந்த வேறுபாடு மிக முக்கியமானது. ஏனெனில் தன்படைச் சேதத்துக்குள் நுழையும் வாயில் இதுவே. அஞ்சிய வீரன் ஓடுவான் என்பதை ஒப்புக்கொண்ட விதி, அஞ்சிய வீரன் கண்ணில் பட்டவனைச் சுடுவான் என்பதையும் ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது.

தன்படைச் சேதத்தின் விதிகள்

இதில் எளியது விலக்குமுறை: கைகலந்து போரிடும் கூட்டத்தை நோக்கிச் சுடவே கூடாது என்பது. பல விதிநூல்கள் இவ்வளவோடு நின்றுவிடுகின்றன. ஆட்டம் தடையின்றி நடக்கும். ஆயினும் ஒரு தலைவன் எதிர்கொள்ளும் கொடிய சபலம் அதனால் மறைக்கப்படுகிறது. 2001இல் வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' சிற்றுரு விளையாட்டு இவ்விலக்கிலேயே ஒரு தர்ம வேற்றுமையை வைத்தது: நன்மையின் பக்கத்தார் கைகலப்புக்குள் எய்யக் கூடாது, தீமையின் பக்கத்தார் எய்யலாம், தம்மவர்மேல் பட்டாலும் பொருட்படுத்தார். ஒரு சேனையின் ஒழுக்கத்தை அது தன் வீரரின் உயிரை எப்படி மதிக்கிறது என்பதைக் கொண்டு அளந்த இவ்விதியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அடுத்தது, சிதறல்முறை. வெடிகுண்டின் பரப்பைக் குறிக்கும் வட்டத் தகட்டை இலக்கின்மேல் வைத்து, திசைகாட்டும் பகடையை உருட்டி, அது காட்டும் பக்கம் தகட்டை நகர்த்துவார்கள். அதன் கீழ் யார் இருந்தாலும், தம்மவரேயானாலும், பாதிக்கப்படுவர். 'வார்ஹாமர் 40,000' இத்தகடுகளை நெடுங்காலம் கொண்டிருந்து, 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் கைவிட்டது. ஆட்டம் விரைவாயிற்று, தகராறுகளும் குறைந்தன, ஆனால் குண்டுக்குக் கண்ணில்லை என்ற அறிவும் அத்தகடுகளோடு அம்மேசையை விட்டு அகன்றது.

மூன்றாவது, அடையாளப் பிழை. 2012இல் வெளிவந்த 'போல்ட் ஆக்‌ஷன்' விளையாட்டில், தளர்ந்த அணிக்கு இடும் ஆணை பலிக்கிறதா என்று இரு பகடை உருட்டும்போது இரண்டிலும் 6 விழுந்தால் பெருங்குழப்பம் நேரும். அவ்வணி தம்மவரையே சுடவும் கூடும், பீதியில் ஓடவும் கூடும். 36இல் ஒரு பங்கான இந்த வாய்ப்பு அரிதாயினும், அத்தகைய ஒவ்வோர் ஆணையின் பின்னாலும் ஒரு நிழலாக நிற்கிறது. நான்காவது வகையை யானைமுறை எனலாம். பண்டைப் போர் விதிகளில் வெறிகொண்ட யானையும் சிதறியோடும் அணியும் தம் வரிசைகளுக்குள்ளேயே புகுந்து குலைத்துவிடுகின்றன. இங்கே சுட்டவன் எவனும் இல்லை; பீதியே ஆயுதமாகிறது.

ஆட்சேபங்கள்

இவ்விதிகளுக்கு எதிராகக் கூறப்படும் ஆட்சேபங்களைப் புறக்கணிப்பது நியாயமன்று. காலம் விரயமாகிறது என்பது ஒன்று. ஒவ்வொரு அசைவுக்கும் பதில் உண்டென்றால் பதிலுக்குப் பதில் என்று சங்கிலி நீண்டு, ஒரு மாலைப் பொழுதில் முடிய வேண்டிய போர் நள்ளிரவைத் தொடும். இது மெய்யான குறை. எதிர்வினைக்கு விலை வைப்பதே இதற்கு மருந்து. விலையில்லா எதிர்வினை ஆரவாரமாகும். விலையுள்ள எதிர்வினை விவேகமாகும்.

நன்றாக ஆடியவர் ஒரு பகடையால் தோற்பது அநியாயம் என்பது மற்றொன்று. இதை நான் பாதி ஏற்கிறேன். காரணமே இல்லாமல், வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தால் தன் அணி தன் அணியைச் சுடுவதாக வரும் விதி, துன்பத்தை மட்டும் தந்து அறிவைத் தராது. ஆயின் கைகலப்பை நோக்கிச் சுடுவதெனத் தாமே தீர்மானித்தவர், புகையினூடே ஆணையிட்டவர், இழப்பை அடைந்தால் அதில் அநியாயம் இல்லை. ஆபத்து வீரனின் தலையில் எங்கிருந்தோ விழாமல், தலைவனின் தேர்விலிருந்து பிறக்க வேண்டும். இழப்புக்குப் பின் திரும்பிப் பார்க்கும்போது, 'இந்த இடத்தில்தான் நான் தவறினேன்' என்று விரல் வைத்துக் காட்ட ஓர் இடம் இருக்க வேண்டும். தன்படைச் சேத விதியை மதிப்பிட இதைவிடச் சிறந்த உரைகல்லை நான் அறியேன். ஆடுபுலி இந்த உரைகல்லில் முழு மாற்றுக் காண்கிறது. பகடையே இல்லாத அவ்வாட்டத்தில் மாண்ட ஒவ்வோர் ஆட்டுக்கும் காரணமான நகர்வு ஒன்று உண்டு.

மனிதர் மாண்ட துயரத்தை விளையாட்டாக்கலாமா என்பது மூன்றாவது ஆட்சேபம்; மூன்றிலும் கனமானது இதுவே. தன் ஆயுதம் தன்னவனைத் தீண்டாது என்று கற்பிக்கும் விளையாட்டே யுத்தத்தை இலகுவாக்குகிறது. தீண்டும் என்று கற்பிப்பது அதன் பாரத்தை உணர்த்துகிறது. போரைச் சித்திரிக்கத் துணிந்தபின் அதன் மிகக் கசந்த பகுதியை மட்டும் அழித்துவிடுவது இரக்கம் ஆகாது.

தாயக்கட்டையும் கரிசலும்

இவற்றையெல்லாம் பரிசோதித்துப் பார்க்க விரும்பி, சென்ற கோடை விடுமுறையில் அருப்புக்கோட்டையில் என் தங்கை மகனோடு ஒரு போரை அமைத்தேன். இவ்வட்டாரத்துக்குத் தெற்கே பந்தல்குடி, எட்டயபுரம் தாண்டிச் சென்றால் பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின், 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிக் கோட்டையை மீண்டும் எழுப்ப, அவ்வாண்டு மே 24இல்தான் அது வீழ்ந்தது. அப்போரில் எட்டயபுரம் பாளையத்தார் ஆங்கிலக் கும்பினியின் பக்கம் நின்றனர். ஒரே மண்ணின் மக்கள், ஒரே மொழி, ஒரேவகை ஈட்டி. சிலர் கோட்டைக்குள், சிலர் வெளியே. அடையாளப் பிழை என்ற வினா இதைவிடக் கூர்மையாக எழக்கூடிய களம் நம் நாட்டில் அரிது.

அட்டையில் வெட்டிய வீரர்களை ஈசல் சிறகளவு மெல்லிய ஈர்க்குச்சியில் ஒட்டிக் களிமண் அடியில் நிறுத்தினோம். தோட்டத்துக் கரிசலைச் சலித்துப் பரப்பினோம். வேலிக்குக் கருவேல முள் கிடைத்தது. துப்பாக்கி சுடப்பட்ட ஒவ்வோர் இடத்திலும், காய் வெடித்த பருத்தியிலிருந்து ஒரு சிட்டிகை பஞ்சை எடுத்து வைத்தோம்; கறுத்த மண்மேல் அந்த வெண்பஞ்சு உண்மைப் புகையாகவே தோன்றிற்று. தூரத்தைச் சாணால் அளந்தோம்; அளவுகோல் தேவைப்படவில்லை. பகடைக்கு என் தாயார் வைத்திருந்த பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டு.

தாயக்கட்டையின் கணிதம் இத்தகைய ஆட்டத்துக்கு மிக இசைந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் வெறுமை, 1, 2, 3 என நான்கு முகங்கள். இரண்டையும் உருட்டினால் 16 வகை விழலாம். இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு; அது 16இல் 1 பங்கு. தாயம் 2 பங்கு, இரண்டு 3 பங்கு, மூன்று 4 பங்கு, நான்கு 3 பங்கு, ஐந்து 2 பங்கு, ஆறு 1 பங்கு. தம்மவர் ஒரு சாண் தூரத்துக்குள் நிற்கச் சுடும்போது பன்னிரண்டு விழுந்தால் மட்டும் குண்டு தம்மவர்மேல் என்றும், இடையே பஞ்சு இருந்தால் தாயத்துக்கும் அப்படியே என்றும், கைகலப்புக்குள் சுட்டால் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய மறு உருட்டலுக்கு உரிய எண்கள் நான்குக்கும் அப்படியே என்றும் விதித்தோம். அதாவது ஆபத்து 16இல் 1, 3, 6 என்று, ஆடுபவரின் துணிவுக்கேற்ப ஏறும். எதிர்வினைக்குக் காத்திருப்பு விதியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

மருமகன் கும்பினிப் பக்கம். நான்காம் சுற்றில் எட்டயபுரத்து ஈட்டிக்காரர் கோட்டை வாசலில் என் ஆட்களோடு கலந்து நின்றனர். அவன் துப்பாக்கி வரிசை காத்திருப்பில் இருந்தது. என் குதிரைவீரர் வாசலுக்குள்ளிருந்து வெளிப்பட்டதும், அவர்கள் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டதையும் இடையே பஞ்சு கிடந்ததையும் பாராமல், "சுடுறேன் மாமா" என்றான். "நல்லாப் பாத்துக்க மாப்ள, உன் ஆளும் அங்கதான் நிக்கிறான்" என்றேன். உருட்டினான். தாயம் விழுந்தது. தாய ஆட்டத்தில் மகிழ்ந்து கைதட்ட வேண்டிய அந்த எண்ணைப் பார்த்தபடி அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு தன் ஈட்டிக்காரர் நால்வரைத் தானே எடுத்துக் களத்துக்கு வெளியே வரிசையாக அடுக்கினான்.

என் ஆய்வின் முடிவு அவனது அந்த மௌனத்தில் உறுதியாயிற்று. பகடைமேல் அவன் பழி சொல்லவில்லை. ஏனெனில் சுடத் தீர்மானித்தவன் அவன். எதிர்வினை உரிமை அவனுக்கு அவசரத்தைக் கொடுத்தது. அவசரம் தன்படைச் சேதத்தைப் பெற்றது. இரு விதிகளும் ஒரே வேரின் இரு கிளைகள் என்று நான் சொல்வதன் காரணம் இதுவே. எதிரி கல்லாய் நிற்பதில்லை என்று ஒப்புக்கொள்வதும், நம்மவர் நம் விரல்கள் அல்லர் என்று ஒப்புக்கொள்வதும், களத்தில் நிற்கும் ஒவ்வொருவனுக்கும் தனிக் கண்ணும் தனி அச்சமும் தனி உயிரும் உண்டு என்ற ஒரே ஒப்புதல்தான். அந்த ஒப்புதலைத் தரும் விதி எவ்வளவு சிறியதாயினும் நல்லது. அதை மறைக்கும் விதி எவ்வளவு நயமானதாயினும் குறையுடையது.

மறுநாள் காலை மீண்டும் களம் அமைக்க உட்கார்ந்தபோது, அவன் எனக்கு முன்பே எழுந்து, வாசல் வேம்பிலிருந்து ஒரு கொத்துப் பூவைப் பறித்து வந்திருந்தான். எட்டயபுரத்து ஈட்டிக்காரர் ஒவ்வொருவர் தலையிலும் ஒரு வெள்ளைப் பூவைப் பசையால் ஒட்டிவிட்டு, "பூ தெரியுற தூரத்துல பன்னிரண்டுக்கு மட்டும்தான் படணும், என்ன மாமா?" என்று கேட்டான். தொல்காப்பியத்தைப் பற்றி அவனிடம் நான் அதுவரை ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. அவ்விதியை அன்றே எங்கள் ஏட்டில் எழுதிக்கொண்டோம்.